உலகக் கிண்ணம் வென்றவர் வாசற்காவல் வேலைக்குப் போனது ஏன்?

காற்பந்து என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருவாங்க? பெரும்பாலும் கோல் போட்டவங்கதான். கோல் விழாமல் தடுத்தவர்களில் எத்தனை பேரின் பெயர் தெரியும்?

அப்படி மறக்கப்பட்ட ஒருவர் வெர்னர் கோல்மாயர்.

யார் அவர்?

1924இல் ஜெர்மனியின் கைசர்ஸ்லௌட்டர்ன் நகரில் பிறந்தவர். ஊர்க் குழுவின் தற்காப்பு ஆட்டக்காரர். அந்தக் குழு 1951, 1953 ஆகிய ஆண்டுகளில் தேசிய வெற்றியாளர் பட்டத்தை வென்றது. மேற்கு ஜெர்மனிக்காக அவர் 22 ஆட்டங்களில் விளையாடினார்.

1954இல் என்ன செய்தார்?

சுவிட்சர்லாந்தில் நடந்த உலகக் கிண்ணப் போட்டி அது. காலிறுதியில் யூகோஸ்லாவியா விடாமல் தாக்கியது. கோல்காப்பாளரைத் தாண்டிப் போன பந்துகளைக் கோல் கோட்டிலேயே தடுத்தார் கோல்மாயர். ஜெர்மனி 2-0 என வென்றது.

இறுதியாட்டத்தில் எதிரணி ஹங்கேரி. 4 ஆண்டுகளாகத் தோல்வியே காணாத அணி! எட்டே நிமிடத்தில் 2-0 என முந்தியது. ஜெர்மனி சமன் செய்த பிறகு, கோலுக்குள் போகவிருந்த இன்னொரு பந்தைக் கோட்டில் தடுத்தார் அவர். 84ஆவது நிமிடத்தில் ஹெல்முட் ரான் வெற்றிக் கோலைப் புகுத்தினார். ஸ்கோர் 3-2.

ரானின் கோலை ஜெர்மனி இன்றும் பேசுது. கோட்டில் தடுத்த பந்தை? அவ்வளவாகப் பேசுறதில்லை.

அப்போ பணம் கொட்டியிருக்குமே?

இல்லீங்க. அப்போது பண்டஸ்லீகா கிடையாது. அது தொடங்கியது 1963இல்தான். 1950களின் தொடக்கத்தில் ஒரு குழு தன் ஆட்டக்காரருக்கு மாதம் அதிகபட்சம் 320 மார்க்தான் சம்பளம் தரலாம். பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே விளையாடினார்கள்.

1957இல் கோல்மாயர் கீழ்ப்பிரிவில் இருந்த ஹோம்புர்க் குழுவுக்கு மாறினார். சில ஆண்டுகளில் காற்பந்து வாழ்க்கை முடிந்தது. குடிப்பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. குடும்பம் பிரிந்தது. கையில் இருந்த பணமும் கரைந்தது. பிறகு மைன்ஸ் நகரில் ஒரு செய்தித்தாள் நிறுவனத்தில் வாசற்காவலராக வேலை பார்த்தார்.

1974 மார்ச் 26ஆம் தேதி காலமானார். 50 வயதாக இன்னும் சில வாரங்களே இருந்தன. 1954 இறுதியாட்டத்தில் விளையாடிய ஜெர்மானியர் 11 பேரில் முதலில் மறைந்தவர் அவர். மூன்று மாதம்கூட ஆகவில்லை, அவர் நாட்டிலேயே உலகக் கிண்ணப் போட்டி தொடங்கியது. மேற்கு ஜெர்மனி மீண்டும் வென்றது.

இது ஏன் முக்கியம்?

விளையாட்டாளரின் உச்சம் 30 வயதைச் சுற்றி முடிந்துவிடும். அதற்குப் பிறகும் பல்லாண்டு வாழ்க்கை இருக்கு. அதற்கு அவரைத் தயார்ப்படுத்தும் ஏற்பாடு அன்று இல்லை. கைதட்டல் நின்றதும் அவர் தனியாகத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது, கோல் கோட்டில் நிற்பவரையும் கொஞ்சம் கவனிங்க.