வழக்கைத் தடுத்த வக்கீல்

1919-ம் ஆண்டு மார்ச் மாதம். முதல் உலகப்போர் ஓய்ந்து நாலைந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு ஒரு பெரிய வியாபாரம் கைகூடி வந்தது. கம்பியில்லாத் தந்தியைக் கடல் கடந்து அனுப்பும் ராட்சத எந்திரம் ஒன்றை அந்தக் கம்பெனி செய்திருந்தது. அதை உருவாக்கியவர் அலெக்சாண்டர்சன் என்ற எஞ்சினீயர். அப்படிப்பட்ட எந்திரங்கள் 24 வேண்டும் என்று மார்க்கோனி கம்பெனி கேட்டது. அது இங்கிலாந்துக்காரர்களின் கம்பெனி. எந்திரத்தின் முழு உரிமையும் தங்களுக்கே வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை.

பல லட்சம் டாலர் வியாபாரம்! போர் முடிந்ததால் தொழிற்சாலையில் வேலை குறைந்திருந்த நேரம். யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் கம்பெனியின் தலைமை வக்கீல் அவசரப்படவில்லை. கடற்படை இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இப்படி ஒரு பேரம் நடக்கிறது என்று தெரிவித்தார்.

அந்த ஒரு கடிதம், அமெரிக்காவின் ரேடியோ தொழிலையே வேறு பாதையில் திருப்பிவிட்டது.

கடிதம் எழுதிய வக்கீலின் பெயர், ஓவன் டி. யங்.

அடமானம் வைத்த நிலம்

யங் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல. நியூயார்க் மாநிலத்தில் வான் ஹார்ன்ஸ்வில் என்ற சின்னஞ்சிறு கிராமத்தில், 1874-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி பிறந்தார். தந்தை விவசாயி. ஓவன் ஒரே பிள்ளையாக வளர்ந்தார். ஏர் பிடித்தார். மாடு கறந்தார். கிடைத்த நேரத்தில் படித்தார்.

பையன் கெட்டிக்காரன் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். கல்லூரிக்கு அனுப்பப் பணம் இல்லை. பெற்றோர் நிலத்தை அடமானம் வைத்தார்கள். சோறு போடும் நிலம் அது. பிள்ளை படிக்காவிட்டால் நிலமும் போய்விடும்!

பிள்ளை ஏமாற்றவில்லை. 1894-ல் செயின்ட் லாரன்ஸ் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பிறகு பாஸ்டன் நகரத்துக்குப் போனார். மூன்று ஆண்டுச் சட்டப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். 1896-ல் டைலர் என்ற வக்கீலிடம் சேர்ந்தார். 1907-ல் அவருடைய கூட்டாளியாகவே உயர்ந்தார்.

எதிரியாக வந்தவர்

மின்சார நிலையங்களையும் டிராம் வண்டிகளையும் நடத்திய ஸ்டோன் அண்டு வெப்ஸ்டர் நிறுவனத்துக்கு யங் வக்கீலாக இருந்தார். அதன் சார்பில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியோடு மோத நேர்ந்தது. யங்கின் திறமை, எதிர்த்தரப்பின் தலைவர் காபின் காதுக்கு எட்டியது.

வேறொருவராக இருந்தால் ஆத்திரப்பட்டிருப்பார். காபின் ஆத்திரப்படவில்லை. அந்த வக்கீல் நம்மிடம் இருக்கவேண்டியவர் என்று முடிவு செய்தார். 1913-ல் யங், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தலைமை வக்கீலாகவும் துணைத் தலைவராகவும் பதவி ஏற்றார்.

கோர்ட்டில் வாதாடும் வக்கீலை ஊருக்கே தெரியும். கம்பெனிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் வக்கீலை யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் பொறுப்பு சிறிதல்ல. எதை விற்கலாம், யாரோடு ஒப்பந்தம் செய்யலாம், எது சட்டத்துக்கு விரோதம் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லவேண்டும். விற்பனை செய்பவர்கள் அவசரப்படுவார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தவும் வேண்டும். தொழில் நின்றுவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜெனரல் எலெக்ட்ரிக் அதற்கு முன்பே ஒரு முறை சூடுபட்டிருந்தது. மின்சார பல்பு வியாபாரத்தில் போட்டியை ஒடுக்குவதாக அரசாங்கம் வழக்குப் போட்டது. 1911-ல் கோர்ட்டு உத்தரவுக்குக் கம்பெனி பணிய வேண்டியதாயிற்று. வழக்கு வந்த பிறகு வாதாடுவதைவிட, வழக்கு வராமல் தடுப்பதே மேல். இதுதான் யங்கின் வழி.

கடிதத்துக்குப் பதில்

யங் எழுதிய கடிதம் கடற்படைத் துணை மந்திரியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்தான் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பின்னாளில் ஜனாதிபதி ஆனவர். எங்களோடு பேசாமல் கையெழுத்துப் போடவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

ஏப்ரல் மாதம் கடற்படை அதிகாரிகள் புல்லார்டும் ஹூப்பரும் நியூயார்க்குக்கு வந்தார்கள். கடலுக்கு அடியில் போகும் தந்திக் கம்பிகளில் பெரும்பகுதி அப்போதே இங்கிலாந்தின் கையில் இருந்தது. கம்பியில்லாத் தந்தியும் அவர்கள் கைக்குப் போய்விட்டால், அமெரிக்கா வெளிநாட்டுக்குச் செய்தி அனுப்ப இங்கிலாந்தின் தயவை நாடவேண்டியிருக்கும். இதுதான் அதிகாரிகளின் கவலை.

யங் பெரிய சிக்கலில் மாட்டிக்கொண்டார். விற்றால் நாட்டுக்குக் கேடு. விற்காவிட்டால் தொழிற்சாலைக்கு நஷ்டம். வாங்குவதற்கு வேறு ஆளும் இல்லை.

வாங்க ஆள் இல்லையென்றால், வாங்கும் கம்பெனியை நாமே உண்டாக்கினால் என்ன? இந்த வழியில் யங்கின் யோசனை போயிற்று.

அமெரிக்காவில் மார்க்கோனிக்கு ஒரு கிளைக் கம்பெனி இருந்தது. அதில் இங்கிலாந்துக்காரர்கள் வைத்திருந்த பங்குகளை விலை பேசி வாங்க ஏற்பாடு நடந்தது. பேச்சு நடத்த லண்டனுக்கு ஆள் போயிற்று. பேரம் படிந்தது. 1919-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி ரேடியோ கார்ப்பரேஷன் ஆப் அமெரிக்கா பிறந்தது. யங் அதன் சேர்மன் ஆனார்.

மூன்று பூட்டுப் பெட்டி

அதோடு தொல்லை தீரவில்லை.

ஒருவர் கண்டுபிடித்த பொருளை, அவர் அனுமதி இல்லாமல் மற்றவர் செய்யக்கூடாது. இதற்குப் பேட்டண்ட் உரிமை என்று பெயர். ரேடியோவுக்கு உயிர்நாடி வால்வு. முதல் வால்வைக் கண்டுபிடித்தவர் பிளெமிங். அந்த உரிமை மார்க்கோனியிடம் இருந்தது. அதில் இன்னொரு பாகத்தைச் சேர்த்தவர் டிபாரஸ்ட். அவர் உரிமையை டெலிபோன் கம்பெனி வாங்கி வைத்திருந்தது. வால்வை மேலும் செம்மைப்படுத்தியது ஜெனரல் எலெக்ட்ரிக்.

ஒரு பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று வீட்டில்! ஒருவர் வால்வு செய்தால் மற்றவர் கோர்ட்டுக்கு இழுக்கலாம். 1916-ல் அப்படி ஒரு தீர்ப்பும் வந்துவிட்டது. நல்ல வால்வு செய்ய யாருக்கும் முழு உரிமை இல்லாமல் போயிற்று.

யங் எல்லோரையும் ஒரே மேஜைக்கு அழைத்தார். அவரவர் உரிமையை மற்றவரும் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தம் செய்ய வைத்தார். 1920-ல் டெலிபோன் கம்பெனி கையெழுத்துப் போட்டது. 1921-ல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியும் சேர்ந்தது. பூட்டுகள் திறந்தன. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் லட்சக்கணக்கான அமெரிக்க வீடுகளில் ரேடியோ பாடியது.

1922-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்குக்கும் யங் சேர்மன் ஆனார்.

நாடுகளின் கடன்

கம்பெனிகளின் சண்டையைத் தீர்த்தவரை, நாடுகளின் சண்டையைத் தீர்க்கவும் அழைத்தார்கள். போரில் தோற்ற ஜெர்மனி, வென்ற நாடுகளுக்கு நஷ்ட ஈடு கொடுக்கவேண்டும். கொடுக்க முடியாமல் ஜெர்மனி தத்தளித்தது. வாங்காமல் விட மற்றவர்களுக்கு மனம் இல்லை.

1924-ல் டாஸ் என்பவரோடு யங் பாரீசுக்குப் போய் ஒரு திட்டம் வகுத்தார். 1929-ல் பாரீசில் மறுபடியும் கூடிய நிபுணர் குழுவுக்கு யங்கே தலைவர். நாலு மாதம் பேச்சு நடந்தது. 1988 வரை தவணை தவணையாகக் கட்டலாம் என்று முடிவாயிற்று. அதற்கு யங் திட்டம் என்றே பெயர் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த மனிதர் என்று டைம் பத்திரிகை அவரைத் தேர்ந்தெடுத்தது.

சோதனை வந்த ஆண்டு

புகழின் உச்சியில் இருந்தவருக்கு 1932-ம் ஆண்டு சோதனையாக வந்தது.

உலகெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது. ஜெர்மனியால் தவணை கட்ட முடியவில்லை. லாசேன் நகரில் கூடிய மாநாட்டோடு யங் திட்டம் முடிந்தது.

ரேடியோவிலும் இடி விழுந்தது. பெரிய கம்பெனிகள் ஒன்றுகூடிப் போட்டியை ஒழிக்கின்றன என்று அரசாங்கம் 1930-ல் வழக்குத் தொடுத்திருந்தது. எந்த அரசாங்கத்தின் கவலையைத் தீர்க்க ரேடியோ கார்ப்பரேஷன் பிறந்ததோ, அதே அரசாங்கம் எதிரே நின்றது! பூட்டைத் திறந்த ஒப்பந்தமே குற்றச்சாட்டாக மாறிற்று. மற்றவர்கள் நுழைய இடமில்லை என்ற குறையில் நியாயமும் இருந்தது.

விசாரணை தொடங்கும் தறுவாயில், நவம்பர் மாதம் சமரசம் ஏற்பட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக் ரேடியோ பங்குகளைக் கைவிட வேண்டும். யங்கும் இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும். தாம் பெற்ற பிள்ளையைப் போன்ற ரேடியோ கார்ப்பரேஷனை விட்டு விலகினார். தம்மை வளர்த்த கம்பெனியிலேயே தங்கினார்.

மீண்டும் கிராமம்

1939-ல் யங் ஓய்வு பெற்றார். இரண்டாம் உலகப்போரின்போது கம்பெனி கூப்பிட்டது. 1942-ல் மறுபடியும் பொறுப்பை ஏற்றார்.

பிறந்த கிராமத்தை அவர் மறக்கவே இல்லை. அங்கே பால் பண்ணை வைத்தார். பிள்ளைகளுக்குப் பெரிய பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தார். அந்தப் பள்ளிக்கூடம் பின்னர் அவர் பெயரையே பெற்றது. அவர் தலைமையில் அமைந்த குழுவின் முயற்சியால், 1948-ல் நியூயார்க் மாநிலத்துக்கு அரசாங்கப் பல்கலைக்கழகம் கிடைத்தது.

1962-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி, 87-வது வயதில் யங் காலமானார்.

அவர் செய்த ஒப்பந்தங்களில் சில நிலைத்தன, சில கலைந்தன. ஆனால் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுவது, எதிரியையும் மேஜைக்கு அழைப்பது என்ற வழக்கத்தை அவர் விடவில்லை. நிலத்தை அடமானம் வைத்து ஒரு விவசாயி படிக்க வைத்த பிள்ளை, பல தேசங்களின் கணக்கைத் தீர்க்கும் இடத்துக்கு உயர்ந்தது அந்த வழக்கத்தால்தான்.