கட்டணத்தைத் திருப்பித் தந்த பேராசிரியர்

பௌதிகம் படிப்பவனுக்குப் பொருளாதாரத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஆடம் ஸ்மித்தின் வரலாறு எங்களைப் போன்ற சோதனைச்சாலைக்காரர்களுக்கும் உரியது என்பதே என் எண்ணம். ஆதாயம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கமே மனிதனுடைய முயற்சி சாயும் என்பதை அவர் மாணவராக இருந்தபோதே இரண்டு கலாசாலைகளில் நேரில் கண்டவர்.

1723ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கிர்க்கால்டி என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். சுங்க அதிகாரியான தந்தை, மகன் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். தாயார்தான் வளர்த்தார். பதினான்காம் வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஆசிரியர்களின் சம்பளம் சொற்பம். மாணவர்கள் நேரே செலுத்தும் கட்டணத்தையும் அவர்கள் நம்பியிருந்தார்கள். ஹட்சிசன் என்ற ஆசிரியர் லத்தீனை விட்டு ஆங்கிலத்திலேயே பாடம் சொல்லி மாணவர்களைக் கவர்ந்தார். 1740இல் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டு சென்ற ஸ்மித், அங்கே வேறோர் உலகத்தைக் கண்டார். மானியம் நிலையாக வந்தது. மாணவன் கற்றாலும் கல்லாவிட்டாலும் ஆசிரியருக்கு ஒரு காசு குறையாது. பேராசிரியர்களில் பெரும்பாலோர் கற்பிப்பதுபோல் நடிப்பதைக்கூட விட்டிருந்தனர். ஆறு ஆண்டுகள் தாமே படித்துத் தேறினார். கண்டிப்பான சோதனை என்று இதை ஒப்பமாட்டேன். இரண்டு ஊர்களுக்கும் வேறு வேற்றுமைகளும் உண்டு. ஆயினும் பாடம் அவர் மனத்தில் பதிந்துவிட்டது.

1751இல் கிளாஸ்கோவிலேயே பேராசிரியரானார். வகுப்பில் ஒரு தூணருகே உட்காரும் மாணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். அவன் முன்னே சாய்ந்து கேட்டால் பாடம் நன்றாகப் போகிறது. பின்னே சாய்ந்துவிட்டால் போக்கை மாற்றவேண்டும். அவர் மாணவர்கள் எழுதிய பாடக் குறிப்புகள் 1895இலும் 1958இலும் கண்டெடுக்கப்பட்டன. தொழில் பழகும் பையன் ஏன் சோம்புகிறான், உருப்படிக் கணக்கில் கூலி பெறுபவன் ஏன் உடம்பைக் கெடுத்துக்கொண்டும் உழைக்கிறான் என்று 1776இல் வெளிவந்த பெருநூலில் விளக்கினார். உழைப்பின் பலன் உடனே கைக்கு வராத பையன் சோம்புவது இயல்பே என்கிறார். (மாதந்தோறும் உபகாரச் சம்பளம் வாங்கும் நான் இவ்விடத்தில் மௌனமாயிருப்பது நலம்.)

அந்நூலில் நாம் படிக்க வந்திருக்கும் இந்த வங்க நாடும் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்கள் சொந்த வியாபாரம் செய்து, பொருள் சேர்த்துக் கப்பலேறவே இங்கு வந்தார்கள். அவர்கள் போன மறுநாள் நாடே பூகம்பத்தில் மூழ்கினாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. மழை பொய்த்ததால் வந்த தட்டுப்பாடு 1770இன் பஞ்சமாக முற்றியதற்கு, அரிசி வியாபாரத்தில் அவர்கள் விதித்த தடைகளும் ஒரு காரணமாகலாம் என்கிறார் ஸ்மித். ஆனால் அந்த ஆட்களை அவர் தூற்றவில்லை. அவர்களை அந்நிலையில் வைத்த ஏற்பாட்டையே குற்றம் சொல்கிறார். மடிந்த லட்சக்கணக்கானவர்களை நினைத்தால் இந்தப் பெருந்தன்மை எனக்கு எளிதில் செரிக்கவில்லை. எனினும் ஆளை மாற்றி ஏற்பாட்டை அப்படியே விட்டால் அடுத்தவனும் அதையே செய்வான் என்பதை மறுக்கவும் வழி தெரியவில்லை.

இப்படிச் சொன்னவர் தம் விஷயத்தில் செய்ததுதான் வேடிக்கை. 1764 ஜனவரியில், ஒரு பிரபுவின் மகனுக்கு ஆசிரியராகச் செல்ல, ஆண்டின் நடுவே வேலையை விட்டார். பாடத்தை முடிக்க மாற்று ஆசிரியரை ஏற்பாடு செய்துவிட்டார். ஆகவே பணத்தை வைத்துக்கொண்டிருந்தால் கேட்பாரில்லை. அவரோ கட்டணத்தைத் தனித்தனியே காகிதத்தில் பொதிந்து வகுப்புக்குக் கொண்டுவந்தார். மாணவர்கள் மறுத்தார்கள். முதல் மாணவனின் சட்டையைப் பிடித்து நிறுத்திப் பையில் திணித்த பிறகே மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

1778இல் தந்தையைப் போலவே சுங்க இலாகாவில் உயர்ந்த பதவி ஏற்றார். இறக்குமதித் தடைகளை எதிர்த்து எழுதியவர், தடைப் பட்டியலைப் பார்த்ததும் தம் கழுத்துப்பட்டைகளும் கைக்குட்டைகளும் அதில் இருக்கக் கண்டு எரித்துவிட்டார். 1790 ஜூலை 17இல் எடின்பரோவில் மறைந்தார். அவ்வளவு வருவாய் இருந்தும் சொத்து குறைவாக இருந்தது. இரகசியமாகத் தருமம் செய்துவந்தார் என்பது நெருங்கிய சிலருக்கே தெரியும்.