மிசெல் டி மொன்டேய்ன்

மிசெல் டி மொன்டேய்ன் (பெப்ரவரி 28, 1533 – செப்டம்பர் 13, 1592) பிரெஞ்சு மெய்யியலாளரும் எழுத்தாளரும் ஆவார். கட்டுரை என்னும் இலக்கிய வடிவத்தைத் தோற்றுவித்தவராக இவர் கருதப்படுகிறார். சமயப் போர்களின் காலத்தில் வாழ்ந்த இவர், நல்ல உரையாடலைப் பற்றியும் நன்றாக வாழ்வதைப் பற்றியும் எழுதியவை இன்றும் படிக்கப்படுகின்றன.

இளமை

மொன்டேய்ன் தென்மேற்குப் பிரான்சில் போர்தோ நகருக்குக் கிழக்கேயுள்ள தமது குடும்ப மாளிகையில் பிறந்தார். மகனுக்கு இலத்தீனே முதல் மொழியாக அமைய வேண்டும் எனத் தந்தை பியேர் ஏக்கெம் விரும்பினார். இதற்காகப் பிரெஞ்சு அறியாத செருமானிய ஆசிரியர் ஒருவர் அமர்த்தப்பட்டார். தாயும் பணியாளர்களும்கூடத் தாம் கற்றுக்கொண்ட இலத்தீன் சொற்களிலேயே குழந்தையிடம் பேசினர். 1557 முதல் மொன்டேய்ன் போர்தோ நீதிமன்றத்தில் பணியாற்றினார்.

நட்பும் இழப்பும்

அந்நீதிமன்றத்தில் பணியாற்றிய எத்தியேன் டி லா போயெசி இவரது உற்ற நண்பரானார். 1563 இல் லா போயெசி தமது 32 ஆவது வயதில் நோயுற்று இறந்தபோது மொன்டேய்ன் உடனிருந்தார். இவ்விழப்பின் துயரம் இறுதிவரை நீங்கவில்லை. மனம்விட்டுப் பேசத்தக்க ஒருவர் இருந்திருந்தால், தமது எண்ணங்களைக் கடிதங்களாகவே எழுதியிருக்கக்கூடும் என்று பின்னாளில் குறிப்பிட்டுள்ளார்.

1565 இல் இவருக்குத் திருமணம் நடைபெற்றது. பிறந்த ஆறு பெண் குழந்தைகளுள் ஒருவரே வளர்ந்து பெரியவரானார்.

கட்டுரைகள்

1570 இல் நீதிமன்றப் பதவியிலிருந்து விலகிய மொன்டேய்ன், தமது மாளிகைக் கோபுரத்திலிருந்த நூலகத்தில் எழுதத் தொடங்கினார். தமது நூலுக்கு "முயற்சிகள்" எனப் பொருள்படும் பெயரை இட்டார். முதல் இரு பகுதிகள் 1580 இலும் மூன்றாம் பகுதி 1588 இலும் வெளிவந்தன. இவற்றில் மொத்தம் 107 அத்தியாயங்கள் உள்ளன.

உரையாடல் பற்றிய கருத்துகள்

மூன்றாம் பகுதியின் எட்டாம் அத்தியாயம் உரையாடற் கலையைப் பற்றியது. மனத்துக்கு மிகப் பயன்தரும் பயிற்சி உரையாடலே என்பது இவரது கருத்து. நூல்களைப் படிப்பது மெல்லிய அசைவையே தருகிறது. உரையாடலோ ஒரே நேரத்தில் கற்பிக்கவும் பயிற்றவும் செய்கிறது. கேள்வியையும் பேச்சையும் இழப்பதைவிடப் பார்வையை இழக்கவே தாம் உடன்படுவதாகவும் எழுதியுள்ளார்.

தம்மை மறுத்துப் பேசுபவர் தமக்குக் கற்பிக்கிறார் என்று இவர் கருதினார். எவரிடமிருந்து வந்தாலும் உண்மையை மகிழ்ச்சியுடன் ஏற்க வேண்டும். வெல்வதற்காக மட்டும் வாதிடுவது வீண் என்றார். மறுமொழி முறையாகவும் பொருத்தமாகவும் அமைவதையே பெரிதும் மதித்தார். எனினும், அறிவற்ற பேச்சைக் கேட்டால் தாம் பொறுமையிழப்பதையும், அது தமது குறையே என்பதையும் மறைக்கவில்லை.

பொதுவாழ்வு

கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தக் கிறித்தவருக்கும் இடையே 1562 இல் தொடங்கிய போர்கள் 1598 வரை நீடித்தன. கருத்து வேறுபாடு உயிரையே பறித்த அக்காலத்தில், மொன்டேய்ன் 1581 முதல் 1585 வரை போர்தோ நகரத் தந்தையாக இருந்தார். கத்தோலிக்கராகிய இவர், மன்னர் மூன்றாம் என்றிக்கும் சீர்திருத்தக் கிறித்தவரின் தலைவரான நவார் என்றிக்கும் இடையே தூது சென்றார்.

இறுதிக்காலம்

நூலின் கடைசி அத்தியாயம், உணவு, உறக்கம், நோய் ஆகிய அன்றாட அனுபவங்களின் வழியே வாழும் முறையை ஆராய்கிறது. தமக்கு வாய்த்த மனித வாழ்வை முறையாக அனுபவிக்கத் தெரிவதே சிறந்த அறிவு என அது முடிகிறது. 1592 இல் மொன்டேய்ன் தமது மாளிகையில் காலமானார். இவர் சேர்த்த திருத்தங்களுடன், மாரி டி குர்னே என்னும் பெண் எழுத்தாளர் 1595 இல் புதிய பதிப்பை வெளியிட்டார். 1885 இல் மாளிகை தீக்கிரையானபோதும் நூலகக் கோபுரம் தப்பியது.