தாழ்ந்து நின்ற புலமை

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில், வழிவழியாகத் திருமாலை வணங்கிவந்த வேளாளர் குடும்பத்தில் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. தந்தையார் சங்கர நாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். அவர் வாயிலாகவே மகனின் செவியில் முதன்முதலாகக் கம்பன் விழுந்தான். பின்னர்த் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் இலக்கணமும் இலக்கியமும் முறையாகப் பயின்று, இளமையிலேயே புலவர் எனப் பெயர் பெற்றார்.

1853ஆம் ஆண்டு சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விநிலையத்தில் தமிழாசிரியர் பணி கிடைத்தது. பிறர் சமயத்தார் நடத்திய நிலையத்தில் ஊதியம் பெற்றாரேயன்றி, தம் வைணவ நெறியில் அவர் சிறிதும் தளரவில்லை. நெருங்கிய நண்பரும் உடன்பிறந்த தம்பியும் கிறித்தவம் தழுவிய பின்னரே அவர் உள்ளத்தில் போராட்டம் மூண்டது. அக்காலத்தில் திருமுழுக்குப் பெறுவது வழிபாட்டை மாற்றிக்கொள்வதோடு முடிவதன்று. சுற்றத்தார் பந்தியில் இடமும், ஊரார் தரும் மதிப்பும் ஒருங்கே போய்விடும். கற்றறிந்த குடும்பத்தின் தலைமகனுக்கு அவ்விழப்பு இன்னும் கடுமையானது. 1858ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் அவர் திருமுழுக்குப் பெற்று, ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை ஆனார்.

சென்னையில் ‘தினவர்த்தமானி’ இதழிலும், பின்னர்ப் பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியராகவும் அவர் ஆற்றிய பணிகள் பல. எனினும் அவர் பணிவின் தன்மையை அறிய, ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஒன்றே போதும். அந்நூலுக்கு மூலம், ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாணம்’. பனியன் பழைய பாத்திரங்களைச் செப்பனிட்டுப் பிழைத்த எளிய தொழிலாளி. உரிமம் பெறாமல் இறைச்செய்தி உரைத்ததற்காகப் பெட்போர்டுச் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவர். பல்கலைக்கழகம் கண்டவரல்லர், பேச்சு வழக்கை ஒட்டிய உரைநடையில் எழுதியவர். கம்பனைத் துறைபோகக் கற்ற ஒருவர், அத்தகைய எளியவரின் கனவுக் கதையைக் கையிலெடுத்து, அதன் பின்னே பல ஆண்டுகள் நடந்தார் என்பது எண்ணுந்தொறும் வியப்பூட்டுவது. 1878 முதல் ‘நற்போதகம்’ இதழில் பகுதி பகுதியாக வந்த காப்பியம் 1894இல் நூலுருப் பெற்றது. ஐந்து பருவங்கள், 3,766 பாடல்கள்.

பணிவு என்பது கற்றதைக் களைந்தெறிதல் என அவர் கொள்ளவில்லை. ஆற்று வருணனையும் நாட்டு வருணனையும் யாப்பின் ஓசையும் கம்பனிடம் பெற்றவையே. அடைக்கலம் புகும் உள்ளமோ, ஆழ்வார்கள் வழியில் வந்த வீட்டில் இளமையிலேயே பழகியது. அனைத்தையும் புதிய ஆண்டவரின் வாயிலில் கொண்டுவந்து வைத்தார். கம்பன் நிழல் மிகுதி என்று குறை கூறுவாரும் உளர். அக்குறை முற்றிலும் பொய்யன்று. சில படலங்களில் அணிகள் கதையை மூடிவிடுகின்றன.

ஆயின் ஓரிடத்தில் அவர் மூலத்தை விட்டு விலகியது கருதத்தக்கது. பனியனின் பயணி சிலுவையைக் காண்கிறான். முதுகுச் சுமை கழன்று விழுகிறது. சில வரிகளில் அது முடிந்துவிடுகிறது. கிருஷ்ண பிள்ளைக்கு அது போதவில்லை. இயேசு பெருமான் கைது செய்யப்பட்டதையும், விசாரணையில் வாய் திறவாது நின்றதையும், தம்மை வதைத்தோர்க்காக வேண்டியதையும் தனிப் படலமாக விரித்துப் பாடினார். அங்கே அணிகளின் ஆரவாரம் அடங்குகிறது. காப்பியத் தலைவனின் வீரத்தை வில்லிலும் வாளிலும் கண்டு பழகிய தமிழ்ச் செவிக்கு, அடிபட்டும் எதிர்க்காத ஒருவரைத் தலைவராகக் காட்டுவது எளிதன்று. அவ்வருமையை அவர் உணர்ந்தே மேற்கொண்டார் எனத் தோன்றுகிறது.

காப்பியத்தின் இடையிடையே வரும் தேவாரப் பதிகங்களில் புலவர் தாமே முன்வந்து, தம்மைப் பாவியென அறிவித்து இரங்கி நிற்கிறார். சிவனடியார் மரபுக்குரிய பெயரையும் பண்ணையும் இந்த வைணவக் குடிப்பிறந்தார் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார். ‘இரட்சணிய மனோகரம்’ 1899இல் வெளிவந்தது. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார்.