மார்ஜரி வாரன் அம்மையார்

சென்னை மாநகரின் வடபகுதியாகிய இராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கின்றது. துறைமுகத்தில் மூட்டை சுமப்போரும், கடலில் வலை வீசுவோரும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் உழைப்போரும் நோயுற்றால் நாடும் இடம் அது. அப்பகுதி மக்கள் நெடுங்காலமாக அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்கி வந்தனர். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி வார்க்க அங்கே மணியக்காரர் சத்திரம் தோன்றியது. அதனையொட்டி 1799இல் மருத்துவர் ஜான் அண்டர்வுட் நோயாளர்க்கு ஒரு விடுதி அமைத்தார். ஆதரவற்ற முதியோர் தங்கிய சத்திரத்தின் அருகிலேயே மருத்துவமும் இவ்வாறு வேரூன்றியது.

இங்கிலாந்திலும் இதைப் போன்ற வறியோர் விடுதிகள் இருந்தன. உழைக்க இயலாத முதியோர் பலர் அவற்றில் சேர்க்கப்பட்டனர். உணவும் படுக்கையும் அங்கே கிடைத்தன. ஆனால், நோய் இன்னதென்று ஆராய்வார் இல்லை. மூத்தவர்கள் படுத்துக் கிடப்பது இயற்கையே என்று உலகம் எண்ணியது. அவ்வெண்ணம் பிழையென்று காட்டியவர் மார்ஜரி வாரன் அம்மையார்.

இவர் 1897ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அந்நாளில், ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சார்ந்த கல்லூரியில் பயின்று 1923இல் மருத்துவரானார். 1926இல் இலண்டனை அடுத்த ஐல்வர்த் என்னும் ஊரின் மருத்துவமனையில் பணியேற்றார். அது பின்னர் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. அறுவை மருத்துவத்திலேயே இவருக்கு நாட்டம் மிகுதி. அத்துறையிலேயே இருந்திருந்தால் நல்லதோர் அறுவை மருத்துவர் என்ற பெயருடன் இவர் வாழ்க்கை முடிந்திருக்கும்.

1935இல் நிலைமை மாறியது. அருகிலிருந்த வறியோர் விடுதி மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டது. நாட்பட்ட நோயாளிகள் கிடந்த 714 படுக்கைகள் இவர் பொறுப்பில் வந்தன. பிற மருத்துவர்கள் விரும்பாத பணி அது. பக்கவாதத்தால் கை கால் விழுந்தவர், மூட்டு நோயுற்றவர், அறிவு மயங்கியவர், இதய நோயாளர், நோயேதுமின்றிப் போக்கிடம் மட்டும் இல்லாதவர் ஆகிய அனைவரும் வேறுபாடின்றி ஒரே கூடத்தில் கிடந்தனர். பல்லாண்டுகளாகப் படுக்கையை விட்டு இறங்காதவரும் அவர்களுள் இருந்தனர்.

அம்மையார் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்தார். அப்போது ஓர் உண்மை தெளிவாயிற்று. பலரை முடக்கியது முதுமையன்று; படுக்கையே ஆகும். பக்கவாதம் கண்டவரை எழுப்பாது விட்டால் மூட்டுகள் இறுகும், தசைகள் நலியும், முதுகில் புண் உண்டாகும், நாளடைவில் மனமும் சோர்ந்துவிடும். முதலில் வந்த நோய் சிறியது. கவனிப்பின்மை அதனைத் தீராததாக்கியது.

காரணம் தெரிந்தபின் அம்மையார் காலந்தாழ்த்தவில்லை. நோயின் தன்மைக்கேற்ப நோயாளிகளைப் பிரித்தார். இருண்ட கூடங்களுக்கு வெளிர்நிறம் பூசுவித்தார். நல்ல விளக்குகள் அமைத்தார். பற்றி நடக்கச் சுவரோரம் கைப்பிடிகள் பொருத்தச் செய்தார். உட்காரவும், நிற்கவும், தாமே உடுத்தவும், உண்ணவும் நோயாளிகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. மருத்துவர், செவிலியர், உடற்பயிற்சி வல்லுநர், குடும்ப நிலையை விசாரித்து உதவும் சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரே குழுவாய் இயங்கினர். கால் இழந்த முதியவருக்கும் நடை கற்பிக்கலாம் என்பதில் அம்மையாருக்கு ஐயமே இருந்ததில்லை.

இனி எழமாட்டார் என்று கைவிடப்பட்ட பலர் எழுந்து நடந்தனர். சிலர் வீடு திரும்பினர். சிலர் முதியோர் இல்லங்களுக்குச் சென்றனர். நாளடைவில் 714 படுக்கைகளுக்குப் பதிலாக 240 படுக்கைகளே போதுமானவையாயின. மிஞ்சியவை காசநோயாளருக்குப் பயன்பட்டன. மருத்துவமனை நடத்துவோர் கருத்தை இந்தக் கணக்கே மிகுதியும் கவர்ந்தது எனலாம். இரக்கத்தால் அசையாத நிர்வாகம் எண்ணைக் கண்டு அசைவதுண்டு.

தாம் கண்டவற்றை அம்மையார் 1943இலும் 1946இலும் மருத்துவ இதழ்களில் கட்டுரைகளாக வெளியிட்டார். முதியோர் பிரிவு ஊருக்கு ஒதுக்குப்புறமான விடுதியில் இராது பொது மருத்துவமனைக்குள்ளேயே அமைய வேண்டும் என்றும், மருத்துவ மாணவர்கள் அங்குப் பயில வேண்டும் என்றும் அவற்றில் வாதிட்டார். முதுமை மருத்துவத்திற்குரிய ஆங்கிலப் பெயரை 1909இலேயே நியூயார்க் மருத்துவர் நாஷர் உருவாக்கியிருந்தார். பெயர் இருந்தது, அதற்குரிய செயல்முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் அம்மையாரே. 1947இல் முதியோர் நலனுக்கென மருத்துவர் சங்கம் ஒன்று தோன்றியபோது, அதனை நிறுவியவர்களுள் இவரும் ஒருவர். மறு ஆண்டு பிரிட்டனில் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது. பின்னர் அந்நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் முதியோர் பிரிவுகள் ஏற்பட்டன.

அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. அயல்நாடுகளுக்கும் சென்று தம் முறையை விளக்கி வந்தார். 1960ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அத்தகைய பயணம் ஒன்றின்போது மோட்டார் விபத்தில் சிக்கி உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது 62.

பிரிட்டனில் வளர்ந்த இக்கலையை அங்குக் கற்றுத் திரும்பியவர் மருத்துவர் வி. எஸ். நடராசன். அவர் முயற்சியால் 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப்பிரிவு திறக்கப்பட்டது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுமை மருத்துவம் பட்ட மேற்படிப்பாயிற்று.