நாடு தேடி அலைந்த எழுத்தாளர்

எடின்பரோ, ஸ்காட்லாந்தின் தலைநகரம். அழகான ஊர். ஆனால் பொல்லாத ஊர்! கடற்காற்று, மழை, மூடுபனி மூன்றும் ஆண்டில் பல மாதம் அந்த ஊரை விட்டு நகர்வதில்லை.

1850-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி அங்கே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் என்று பெயர். பிற்காலத்தில் புதையல் தீவு என்ற கதையை எழுதி உலகப் புகழ் பெற்றவர் இவர்தான்.

பிள்ளைக்கு நெஞ்சில் கோளாறு. குளிர் காலம் வந்தால் இருமல் வரும். இரவில் தூக்கம் வராது. அலிசன் என்ற தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் அருகே போய் நிற்பாள். தூரத்து வீடுகளில் ஒன்றிரண்டு விளக்குகள் தெரியும். அந்த வீடுகளிலும் ஒரு நோயாளிப் பிள்ளை விடிவதற்காகக் காத்திருக்குமோ என்று இருவரும் பேசிக்கொள்வார்கள்.

பகலில் படுக்கைதான் அவனுக்கு உலகம். போர்வையின் மேடுகள் மலைகள். விரிப்பு கடல். பொம்மைச் சிப்பாய்களையும் கப்பல்களையும் அதன்மேல் ஓட விடுவான். போகாத நாடெல்லாம் படுக்கையில் இருந்தபடியே போய் வந்தான்.

வளர்ந்த பிறகு அது விளையாட்டாக இல்லை. எந்த நாட்டுக் காற்று தம் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளும், எந்த மண்ணில் குடியேறினால் இன்னும் சில ஆண்டு உயிரோடு இருக்கலாம் என்பதே அவருடைய கவலை ஆயிற்று.

விருந்தாளி சொன்ன தீவு

ஸ்டீவன்சன் குடும்பத்தார் கலங்கரை விளக்கம் கட்டும் என்ஜினீயர்கள். தாத்தா, பெரியப்பா, தந்தை எல்லாருக்கும் அதே தொழில். மகனும் அதற்கே வர வேண்டும் என்பது தந்தை தாமசின் ஆசை. மகனோ எழுத்தாளன் ஆவேன் என்று பிடிவாதம் பிடித்தார். சட்டமாவது படி என்றார் தந்தை. படித்தார். 1875-ல் வக்கீலும் ஆனார். ஆனால் கோர்ட்டில் அவர் சம்பாதித்தது மிகச் சொற்பம்.

அதே 1875-ம் ஆண்டில் ஒருநாள், நியூசிலாந்து அரசாங்க அதிகாரி ஒருவர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். பேச்சு பசிபிக் மகாசமுத்திரத்தில் உள்ள தீவுகளைப் பற்றித் திரும்பியது. ஆண்டு முழுவதும் பச்சை மாறாத மரங்கள். குளிர் என்பதே கிடையாது. தலையில் செந்நிறப் பூச்சூடிய மக்கள். நோயாளிக்கு ஏற்ற இடம் மாலுமித் தீவுகள்தான் என்றார் விருந்தாளி. வெள்ளைக்காரர்கள் அன்று சமோவாவுக்கு வைத்திருந்த பெயர் அது.

24 வயது ஸ்டீவன்சனுக்கு அந்த இரவிலேயே அங்கே போய்விட வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவர் சமோவாவில் கால் வைக்க இன்னும் 14 ஆண்டு ஆக வேண்டியிருந்தது.

காதலும் ரெயிலும்

1876-ல் பிரான்சு நாட்டுக் கிராமம் ஒன்றில் பேனி ஆஸ்பர்ன் என்ற அமெரிக்கப் பெண்ணைச் சந்தித்தார். பேனி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். திருமணமாகிக் குழந்தைகளும் உண்டு. கணவரோடு மனவேற்றுமை. ஸ்டீவன்சன் அவர்மேல் உயிரை வைத்தார்.

பேனி கலிபோர்னியாவுக்குத் திரும்பிவிட்டார். 1879-ல் ஸ்டீவன்சன் பெற்றோரிடம் சொல்லிக்கொள்ளாமல் கப்பல் ஏறினார். நியூயார்க்கில் இறங்கி, குடியேறிகள் போகும் மலிவான ரெயிலில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தார். மரப்பலகைதான் படுக்கை. நெஞ்சு நோய்க்காரர் செய்கிற பயணமா இது? மாண்டரே ஊருக்கு அருகே மலைக்காட்டில் மயங்கி விழுந்தார். ஆட்டுப் பண்ணைக்காரர்கள் எடுத்துப்போய்க் காப்பாற்றினார்கள்.

செய்தி தந்தைக்கு எட்டியது. கோபம் பறந்தது. ஆண்டுக்கு 250 பவுன் அனுப்புவதாகத் தந்தி கொடுத்தார். பேனிக்கு விவாகரத்து கிடைத்தது. 1880 மே 19-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் திருமணம் நடந்தது.

ஊர் ஊராக

அதன் பிறகு டாக்டர்கள் சொன்ன ஊருக்கெல்லாம் தம்பதிகள் மூட்டை கட்டினார்கள். சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்ற பனிமலை ஊரில் இரண்டு குளிர்காலம் கழிந்தது.

இடையில் 1881 கோடையில் ஸ்காட்லாந்தில் தங்கியபோது விடாத மழை. பேனியின் மகன் லாயிட் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தான். அவனுக்காக ஸ்டீவன்சன் ஒரு தீவின் படம் வரைந்து வர்ணம் தீட்டினார். இல்லாத தீவு! அதில் மலை, துறைமுகம், புதையல் எல்லாம் குறித்தார். அந்தப் படத்திலிருந்து பிறந்ததுதான் புதையல் தீவு. கதையை டாவோசில் எழுதி முடித்தார். 1883-ல் புத்தகமாக வந்தது.

பின்பு தென் பிரான்சில் இயேர் என்ற ஊர். அங்கே ரத்தம் ரத்தமாகக் கக்கினார். பேசக்கூடாது, அசையக்கூடாது என்றார்கள் டாக்டர்கள். கண்நோய் வேறு வந்தது. இருட்டறையில் படுத்தபடி இடது கையால் குழந்தைப் பாட்டுகள் எழுதினார். அந்தப் பாட்டுப் புத்தகத்தைத் தம்மை வளர்த்த தாதி அலிசனுக்கே காணிக்கை ஆக்கினார்.

அடுத்து இங்கிலாந்தில் போர்ன்மவுத். மூன்று ஆண்டு. பெரும்பாலும் படுக்கைதான். டாக்டர் ஜெகில் கதை அங்கே எழுதப்பட்டது. அந்த வீட்டுக்குப் பெரியப்பா கட்டிய கலங்கரை விளக்கத்தின் பெயரான ஸ்கெரிவோர் என்பதையே வைத்தார்.

1887 மே மாதம் தந்தை காலமானார். ஆகஸ்டில் ஸ்டீவன்சன் தாயார், மனைவி, லாயிட் ஆகியோரோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அதன் பிறகு அவர் தாய்நாட்டை மறுபடி பார்க்கவே இல்லை.

கடல் காற்று

1888 ஜூன் மாதம் சான்பிரான்சிஸ்கோவில் காஸ்கோ என்ற பாய்மரக் கப்பலை வாடகைக்கு எடுத்தார். தந்தை விட்டுச் சென்ற சொத்தில் பெருந்தொகை அதற்குப் போயிற்று. மார்க்கேசஸ், தாகித்தி, ஹவாய் என்று தீவு தீவாகப் போனார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர் கப்பல் தளத்தில் நடந்தார். கடலில் நீந்தினார். ஹவாய் அரசர் கலாகௌவா நெருங்கிய நண்பரானார்.

1889 டிசம்பரில் சமோவா வந்தார். விருந்தாளி சொன்ன அதே தீவு. ஆனால் அங்கேயே தங்க நினைத்ததற்கு இளமைக் கனவு மட்டும் காரணம் அல்ல. சான்பிரான்சிஸ்கோவுக்கும் சிட்னிக்கும் இடையே ஓடும் தபால் கப்பல்கள் சமோவா வழியாகப் போயின. எழுதிப் பிழைப்பவருக்குத் தபால் இல்லாத ஊர் எப்படிச் சரிப்படும்? அபியா நகரத்துக்கு மேலே வைலிமா என்ற இடத்தில் 300 ஏக்கருக்கு மேல் காட்டு நிலம் வாங்கினார்.

அப்போதும் சொந்த ஊரை விட்டுவிட அவருக்கு மனம் இல்லை. ஒருமுறை பிரிட்டன் போய்வரலாம் என்று 1890-ல் சிட்னி வரை போனார். சிட்னியின் குளுமையே தாங்கவில்லை. மறுபடி ரத்தம். மறுபடி படுக்கை. கப்பல் ஏறி வெப்பமான கடலுக்குத் திரும்பியதும் தேறினார். எடின்பரோவுக்குப் போனால் உயிர் தங்காது என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. உயிர் வேண்டுமா, ஊர் வேண்டுமா? மனைவி மக்கள் அவரை நம்பி இருந்தார்கள். சமோவாவுக்கே திரும்பினார்.

வைலிமா

அவரே கத்தி எடுத்துக் காடு வெட்டினார். தொட்டாற்சுருங்கிச் செடி வெட்ட வெட்ட முளைத்து அவரைப் பாடாய்ப் படுத்தியது. பேனி தோட்டம் போட்டார். கொக்கோ விதை நட்டார்கள். பெரிய மரவீடு எழுந்தது. எடின்பரோவிலிருந்து மேசை நாற்காலிகள் வந்தன. தாயாரும் வந்து சேர்ந்தார்.

வியர்த்துக் கொட்டும் அந்த நாட்டிலே அவர் வீட்டுக்குள் குளிர்காயும் கணப்பு கட்டினார்! ஊரார் வியந்தார்கள். வேலைக்காரர்கள் இடுப்பில் கட்டும் துணிக்கு ஸ்காட்லாந்துக் கட்டம்போட்ட துணியைத் தேர்ந்தெடுத்தார். வீட்டுச் செலவு பணத்தை விழுங்கியது. விடியுமுன் எழுந்து எழுதினார். எழுதியதிலும் ஸ்காட்லாந்தின் மலையும் மழையும்தான் திரும்பத் திரும்ப வந்தன.

சமோவா மக்கள் அவரை டூசிடாலா என்று அழைத்தார்கள். கதை சொல்பவர் என்று பொருள். அப்போது ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் அந்தச் சிறு தீவுகளில் ஆதிக்கம் தேடிக் கொண்டிருந்தன. ஸ்டீவன்சன் மாதாபா என்ற தலைவர் பக்கம் நின்றார். பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதி வல்லரசுகளின் அதிகாரிகளைச் சாடினார். 1893-ல் மாதாபா தோற்று நாடு கடத்தப்பட்டார். அவருடைய ஆட்கள் சிறையில் கிடந்தார்கள். ஸ்டீவன்சன் சிறைக்குப் போய் அவர்களுக்கு வேண்டியது செய்தார்.

1894-ல் விடுதலையான அந்தத் தலைவர்கள் அவர் வீட்டுக்கு வந்தார்கள். பொதுப் பாதையிலிருந்து வைலிமாவுக்குத் தங்கள் கையாலேயே சாலை போட்டுத் தந்தார்கள். கூலி வாங்கவில்லை. அன்பு நெஞ்சின் சாலை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

மலை உச்சியில்

சாலை முடிந்து இரண்டு மாதம்கூட நல்லபடியாகக் கழியவில்லை. 1894 டிசம்பர் 3-ந் தேதி. காலையில் எழுதினார். மாலையில் தாழ்வாரத்தில் பேனியோடு உணவு தயாரித்துக் கொண்டிருந்தார். திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வாழ்நாள் எல்லாம் பயந்த நெஞ்சு நோய் அல்ல. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அன்று இரவே உயிர் பிரிந்தது. வயது 44.

வீட்டுக்குப் பின்னால் உள்ள வையா மலை உச்சியில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். உச்சிக்கு வழி இல்லை. சமோவா மக்கள் கோடரியும் கத்தியுமாகத் திரண்டு வந்து செங்குத்தான காட்டில் பாதை வெட்டினார்கள். மறுநாள் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் சுமந்து மேலே கொண்டுபோனார்கள்.

தாயார் எடின்பரோவுக்குத் திரும்பி 1897-ல் அங்கே காலமானார். பேனி 1914-ல் கலிபோர்னியாவில் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய சாம்பலைச் சமோவாவுக்குக் கொண்டு வந்து கணவர் பக்கத்திலேயே வைத்தார்கள். அந்த மலைச்சரிவில் யாரும் துப்பாக்கி சுடக்கூடாது, பறவைகள் பயமில்லாமல் பாடட்டும் என்று தலைவர்கள் கட்டளை இட்டிருந்தார்கள்.