உடன்பிறந்தாரைப் பறித்த நோய்க்கு மருந்து தந்த மேதை

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரே களிமண் பொம்மை ஆகிறது, கோப்பை ஆகிறது, மின்சாரப் பெட்டியில் மாட்டும் பியூஸ் கட்டையும் ஆகிறது.

நம் உடம்பிலும் அப்படி ஒரு களிமண் உண்டு! எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் மூல அணுக்கள் இருக்கின்றன. டாக்டர்கள் "ஸ்டெம் செல்" என்று சொல்வது இவற்றைத்தான். இவை பெருகிப் பெருகித்தான் சிவப்பு அணு, வெள்ளை அணு எல்லாம் உண்டாகின்றன.

களிமண் குழையத் தண்ணீர் வேண்டும். அணுக்கள் பெருக ஒரு சத்து வேண்டும். அதன் பெயர் போலிக் அமிலம். அந்தச் சத்தை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய குழுவின் தலைவர், சென்னையில் படித்த டாக்டர். அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மூன்றாம் முறை வெற்றி

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. சிறு வயதில் படிப்பில் நாட்டம் இல்லை. காசிக்குப் போய் வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். பிடித்துக் கொண்டு வந்தார்கள்.

தந்தை இறந்தார். தாயார் நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்ற சுப்பாராவ், மூன்றாம் முறை சென்னையில் எழுதித் தேறினார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் சொல்லைக் கேட்டுக் கதர் உடுத்தினார். அறுவை சிகிச்சை கற்பித்த வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

அதை விடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. உடன்பிறந்த இருவரை "ஸ்ப்ரூ" என்னும் நோய் கொண்டு போயிற்று. அந்த நோய் வந்தால் சாப்பாடு உடம்பில் ஒட்டாது. வயிற்றுப் போக்கு நிற்காது. இரத்தம் குறைந்து ஆள் உருகிப் போவார். டாக்டருக்குப் படித்தவர் வீட்டிலேயே அதற்கு மருந்து இல்லை!

இரவில் வேலை, பகலில் படிப்பு

இளம் மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டு, சுப்பாராவ் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கையில் காசு இல்லை. இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவினார். பகலில் படித்தார்.

1929-ல் பேராசிரியர் பிஸ்கேயும் அவரும் "ஏ.டி.பி." என்னும் பொருளைக் கண்டார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதைக் கண்டார். கை கால் அசைவதற்கும், மூளையும் நரம்பும் வேலை செய்வதற்கும் சக்தி தருவது இந்தப் பொருளே.

1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். 1945-ல் அவரது குழுவினர் போலிக் அமிலத்தைச் செய்து முடித்தார்கள். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள்! உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது.

சத்தை மறித்தால்?

இரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகும். பெருக உதவும் சத்தை மறித்துவிட்டால்? சுப்பாராவின் குழு அதற்கும் ஒரு மருந்து செய்தது. பாஸ்டனில் டாக்டர் பார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. அது முழுக் குணம் அல்ல. சில மாதங்களே நீடித்தது. ஆனாலும் இரத்தப் புற்றுநோயை மருந்தால் அடக்க முடியும் என்று 1948-ல் உலகம் தெரிந்து கொண்டது.

நம் ஊரில் யானைக்கால் நோயைத் தடுக்கக் கொடுக்கும் மாத்திரையும் அவர் குழு தந்ததுதான்.

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. ஊரில் காத்திருந்த மனைவியைப் பார்க்க அவர் திரும்பி வரவே இல்லை.

கருவில் இருக்கும் குழந்தையின் மூளையும் முதுகுத் தண்டும் முதல் மாதத்திலேயே உருவாகத் தொடங்குகின்றன. அப்போது தாய்க்குப் போலிக் அமிலம் போதாவிட்டால் அவற்றில் ஊனம் ஏற்படலாம். கருத்தரிக்கும் முன்பே இதைச் சாப்பிட்டு வந்தால் அந்த ஆபத்து பெரிதும் குறையும் என்று 1991-ல் வெளியான ஆராய்ச்சி உறுதி செய்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையில் இரும்புடன் சேர்ந்து இருப்பது, அந்தப் போலிக் அமிலம்தான்.